ஓடும்போது நின்று, இருபது நிமிடம் கழித்தே மீண்டும் பிடிக்கும் இன்ஜின்: எங்கே தேடுவது?

நடுவழி நின்றவன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 11 ஆண்டுகள் ஓடிய, கையால் கியர் மாற்றும், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். நான்கு மாதங்களாக ஒரே தொல்லை. வண்டியை எடுத்து 30 முதல் 40 நிமிடங்கள் வரை எந்தக் குறையும் இன்றி ஓடுகிறது. அதன் பிறகு இன்ஜின் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. ஓரமாக நிறுத்தி 20, 25 நிமிடங்கள் காத்திருந்தால், எதுவுமே நடவாததுபோல் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது வண்டி ஒருமுறைகூட நின்றதில்லை என்பதுதான் பெரிய வேதனை.

முதலில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன். மீண்டும் தொடங்கியபோது, இன்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சாரை மாற்றினார்கள், மறுநாளே நின்றது. இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். போயிருக்கலாம், மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். "மாற்றிப் பார்க்கலாம்" என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு அச்சமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நான்காம் கியர்

சந்தேகமே வேண்டாம், கிராங்க் சென்சார்தான். சூடேறினால் நிற்பதும், ஆறினால் பிடிப்பதும் அதற்கே உரிய குணம். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் வெப்பத்தில் விரிந்து அறுந்துபோகும், குளிர்ந்தால் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்குப் போட்டது மட்டமான மாற்றுப் பொருளாக இருக்கும். அசல் பாகத்தை வாங்கிப் போடுங்கள்.

பழம்பட்டறை

நான்காம் கியர் சொல்லும் குணம் உண்மைதான். ஆனால் அதே குணத்தைக் காட்டும் வேறு நான்கைந்து கோளாறுகளை என்னால் உடனே சொல்ல முடியும். நோய்க்குறி ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்றாகிவிடாது. ஆகவே, மூன்றாவது பாகத்தை வாங்குவதற்கு முன், நண்பர் சில கேள்விகளுக்கு நினைவிலிருந்து விடை சொல்லட்டும்.

முதலாவது, இன்ஜின் எப்படி நின்றது? விளக்கை அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றதா, அல்லது சில நொடிகள் குலுங்கி, இழுவை குறைந்து, பிறகு நின்றதா? இரண்டாவது, நிற்கும்போது வண்டி கியரில் உருண்டுகொண்டிருந்தால், ஆர்.பி.எம். முள் என்ன செய்தது? கிளட்ச்சை மிதிக்காதவரை, பெட்ரோலே இல்லாவிட்டாலும் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், இன்ஜின் சுழல்வதையே இ.சி.எம். அறியவில்லை என்று பொருள். அப்போது கிராங்க் சென்சாரையோ அதன் வயரையோ ஐயப்படலாம். முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் சென்சார் வேலை செய்கிறது. மூன்றாவது, நின்றபின் செல்ஃப் கொடுக்கும்போது அதே முள் சற்றாவது எழுகிறதா?

கடைசியாக, செல்ஃபின் ஓசை. வழக்கமான ஏற்ற இறக்கத்தோடு கேட்கிறதா, அல்லது எதையும் அழுத்தாமல் ஒரே சீராக, விர்ரென்று வேகமாகச் சுற்றுகிறதா? பின்னதாக இருந்தால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். உங்களுடையது ஆறியபின் ஓடுவதால் அது இல்லை. ஆனாலும் இந்த இழையைப் படிக்கும் வேறு ஒருவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் இன்ஜின் நின்றால், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்குத்தான் வரும். மிதித்து மிதித்து விடாமல், ஒரே அழுத்தமாகப் பிடித்து ஓரம் கட்டுங்கள். வண்டி முழுவதும் நிற்கும்வரை சாவியை ஸ்டியரிங் பூட்டும் நிலைக்குத் திருப்பவே கூடாது.

நடுவழி நின்றவன்

ஐயா, இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. நேற்றும் நின்றது, இந்த முறை கவனித்துப் பார்த்தேன். முதலில் ஆக்சிலரேட்டரை மிதித்தும் இழுவை இல்லை, ஐந்தாறு நொடிகள் குலுங்கியது, பிறகுதான் நின்றது. முள் சட்டென்று விழவில்லை, வேகத்தோடு இறங்கியது. செல்ஃப் கொடுத்தபோது 200க்கும் 250க்கும் இடையில் ஆடியது. ஓசை வழக்கமானதுதான். டேஷ்போர்டு விளக்குகள் எதுவும் அணையவில்லை. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கும் மின்னவில்லை. பட்டறையில் ஸ்கேனர் போட்டபோது, கோளாறைக் குறிக்கும் எந்தக் கோடும் (code) பதிவாகவில்லை என்றார்கள்.

பழம்பட்டறை

இந்த ஐந்து வரிகளுக்கு, நீங்கள் மாற்றிய இரண்டு பாகங்களையும்விட மதிப்பு அதிகம். செல்ஃப் சுற்றும்போது முள் எழுவதால் கிராங்க் சென்சாரை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். விளக்குகள் அணையாததால் இக்னிஷன் சுவிட்சும், பேட்டரி இணைப்பும் பின்னுக்குப் போகின்றன. குலுங்கி நின்றது என்பது பெரும்பாலும் பெட்ரோல் பக்கத்தைக் காட்டுகிறது. பிளக்கில் தீப்பொறி ஒரேயடியாகப் போனால் இவ்வளவு நேரம் தள்ளாடாது.

கோடு வாசகன்

கோடு பதிவாகாததை வைத்து இ.சி.எம்.மைக் குற்றம் சொல்வது தவறு என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். கிராங்க் சென்சாரின் சுற்று அறுந்தால் பி0335 என்ற கோடு வரும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பம்புக்கு எத்தனை வோல்ட் போகிறது என்பதைப் பல வண்டிகளில் இ.சி.எம். கண்காணிப்பதே இல்லை. காணாத ஒன்றுக்கு அது எப்படிக் கோடு எழுதும்? வண்டி நின்ற நிலையில் ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் கொடுக்கும்போது ஆர்.பி.எம்.மையும் பேட்டரி வோல்ட்டையும் நேரலையாகப் பார்ப்பது, ஆறிய வண்டியில் கோடு தேடுவதைவிடப் பயன் தரும்.

சாவிக்கொத்து

இக்னிஷன் சுவிட்சை அவ்வளவு எளிதில் விட்டுவிடாதீர்கள் ஐயா. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான். கனமான சாவிக்கொத்தும் ஒரு குலுக்கலும் போதும், சாவி தானே ஒரு படி பின்னால் நழுவி இன்ஜின் நின்றுவிடும். காற்றுப்பையும் வேலை செய்யாது.

பழம்பட்டறை

விட்டுவிடவில்லை, வரிசையில் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். அந்தக் குறையில் சாவியை மீண்டும் திருப்பினால் உடனே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை.

நடுவழி நின்றவர் அடுத்தமுறை வண்டி நின்றால் செய்ய வேண்டியது இதுதான். கோளாறு உயிரோடு இருப்பது அந்த இருபது நிமிடங்கள் மட்டுமே. அதை வெறுமனே காத்திருந்து கழிக்காதீர்கள். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின் இருக்கையருகே காதை வையுங்கள். நல்ல பம்பு இரண்டு நொடிகள் "ங்ம்ம்" என்று முனகி நிற்கும். முனகல் இல்லையென்றால் பம்புக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து நொடிகளுக்குமேல் சுற்றாதீர்கள். இடையே ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். சிலர் காற்றுக்குழாயில் எளிதில் தீப்பற்றும் ஸ்பிரேயை அடித்து, ஒரு கணம் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். நானும் இளமையில் செய்திருக்கிறேன், புருவத்தையும் ஒருமுறை இழந்திருக்கிறேன். பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் கேஜ் இருக்கும்போது அந்த வித்தை தேவையில்லை.

நடுவழி நின்றவன்

ஒன்பது நாள் கழித்து, நேற்று மாலை நின்றது. முதல்முறையாக வண்டி நின்றதற்கு மகிழ்ந்தேன் என்றே சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் கையிலேயே இருந்தது. சாவியைத் திருப்பினால் வழக்கமான முனகல் இல்லை. மிக மெல்லியதாக ஏதோ கேட்டதுபோல் இருந்தது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பின் இருக்கையைத் தூக்கி, பம்பின் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்தில் மீட்டரை வைத்து, நண்பரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 12.3 வோல்ட் காட்டியது. ஆக, மின்சாரம் வருகிறது, பம்பு ஓடவில்லை. நான்கு மாதத்துக்குள் புதுப் பம்பு போய்விட்டதா?

நான்காம் கியர்

சென்சார் விஷயத்தில் நான் அவசரப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் என்ன ஐயம்? 12 வோல்ட் வந்தும் ஓடாத பம்பு செத்த பம்புதான். ரசீதை எடுத்துக்கொண்டு போய் மாற்றிக் கேளுங்கள்.

செப்புக்கம்பி

ஆட்டோ எலக்ட்ரீஷியன் என்ற முறையில் இங்கே குறுக்கிட வேண்டியிருக்கிறது, பம்பைக் கழற்றாதீர்கள்.

கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்த 12.3 வோல்ட், எதையும் உறுதி செய்வதில்லை. மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு. வயரில் இருக்கும் முப்பது நாற்பது இழைகளில் ஒரே ஓர் இழை மட்டும் அறுபடாமல் இருந்தாலும், வயரின் உலோகத் தொடுமுனையான டெர்மினல் ஊசிமுனை அளவுக்குத் தொட்டுக்கொண்டிருந்தாலும், மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டும். பம்புக்கோ 5, 6 ஆம்பியர் வேண்டும். குழாயைத் திறக்காமல் அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, அடைப்பே இல்லை என்று முடிவு செய்ததற்கு ஒப்பானது இது.

ஆகவே கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறமிருந்து மெல்லிய ஊசியை வயரின் ஓரமாக நுழைத்து, பம்பு ஓட முயலும் அதே கணத்தில் அளக்க வேண்டும். நேர்முனையை ஒருமுறை, எர்த் வயரை ஒருமுறை. பேட்டரியின் எதிர்முனைக்கும் பம்பின் எர்த் வயருக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த்தில் குறை. பேட்டரியின் நேர்முனைக்கும் பம்பின் நேர் வயருக்கும் இடையே அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. 21 வாட் பல்பு ஒன்றைச் சுமையாக வைத்துப் பார்ப்பதும் நல்ல முறைதான், ஆனால் அதை டாங்கியின் வாய்ப்பக்கத்தில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் சிறு பொறியும் ஆபத்து.

நடுவழி நின்றவன்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். வண்டி நின்ற நிலையில், கனெக்டர் மாட்டியபடி அளந்தபோது பம்புக்கு வந்தது 4.6 வோல்ட் மட்டுமே. கழற்றினால் அதே 12.3! இரண்டு எண்களையும் மாறி மாறி மூன்று முறை பார்த்துவிட்டேன். எர்த் பக்கம் 0.1 தான், அங்கே குறையில்லை.

அடுத்து, பம்புக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்சான ரிலேயை ஐயப்பட்டு, அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயைக் கழற்றி அங்கே மாட்டினேன். மாற்றம் இல்லை. பிறகு ரிலேயை எடுத்துவிட்டு, சாக்கெட்டில் மின்சாரம் உள்ளே வரும் 30ஆம் டெர்மினலையும், பம்புக்கு வெளியேறும் 87ஆம் டெர்மினலையும் பியூஸ் வைத்த வயரால் இணைத்தேன். பம்பு முழு வேகத்தில் முனகியது, இன்ஜின் பிடித்தது! எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ரிலேயை மாற்றினால் சரியாகவில்லை, ரிலேயைத் தாண்டி இணைத்தால் சரியாகிறது. இரண்டு ரிலேக்களுமே கெட்டிருக்குமா? ஹாரன் நன்றாகத்தானே அடிக்கிறது?

கோடு வாசகன்

ரிலேயை இயக்கும் பக்கம், அதாவது 85, 86 டெர்மினல்களில் சரியான சமிக்ஞை வராவிட்டாலும் இப்படித்தானே இருக்கும்? இ.சி.எம். ரிலேயை முழுமையாக இழுக்கவில்லை என்றால்?

செப்புக்கம்பி

நல்ல கேள்வி, ஆனால் 4.6 வோல்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சுருளுக்கு மின்சாரம் வராவிட்டால் ரிலே மூடாது. பம்புக்குப் பூஜ்யம்தான் வரும். ரிலே "டக்" என்று மூடுகிறது, மூடியபின் பாதையில் தடை இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

நண்பருடைய குழப்பத்துக்குக் காரணம், ரிலேக்கும் வயருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பொருள் இருப்பதை நாம் மறந்துவிடுவதுதான்: சாக்கெட்டுக்குள் இருக்கும் பெண் டெர்மினல். ரிலேயின் தட்டைக் காலை இரண்டு பக்கமும் சுருண்டு பிடித்துக்கொள்ளும் அந்தத் தகடு தளர்ந்திருந்தால், எந்த ரிலேயை மாட்டினாலும் லூஸ் கான்டாக்ட்தான். நீங்கள் நுழைத்த வயரோ தகட்டின் வேறோர் இடத்தில், கருகாத இடத்தில் அழுத்தியிருக்கும். அதனால்தான் பம்பு ஓடியது. "ரிலேயைத் தாண்டி இணைத்தேன், ஓடியது, ஆகவே ரிலே கெட்டது" என்ற கணக்கில் எத்தனையோ நல்ல ரிலேக்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

இதை நிரூபிக்கச் சாலையில் நிற்கத் தேவையில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நேர்முனையிலும், மறுமுனையைச் சாக்கெட்டின் அடியில் 87லிருந்து வெளியேறும் வயரிலும் நிலையாகக் கட்டுங்கள். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஸ்டார்ட் செய்து, சும்மா ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறியுங்கள். அந்த எண், வழியிலேயே இழக்கப்படும் வோல்ட்; அது ஏற ஏறப் பம்புக்குப் போவது குறையும். பம்பு எடுக்கும் மின்னோட்டம் வண்டி நின்றாலும் ஓடினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கதவையும் சன்னலையும் திறந்து, வெட்டவெளியில் செய்யுங்கள். புகை மூடிய இடத்தில் வேண்டாம்.

நடுவழி நின்றவன்

இன்று காலை வெட்டவெளியில் நிறுத்திச் செய்து முடித்தேன். குறித்துக்கொண்ட எண்களை அப்படியே தருகிறேன். ஸ்டார்ட் செய்தவுடன் 0.4 வோல்ட். 10ஆம் நிமிடம் 0.7. 20ஆம் நிமிடம் 1.3. 30ஆம் நிமிடம் 2.2. அதன்பின் எண் நிலையாக நிற்கவில்லை. 3, 4 என்று துள்ளியது. 36ஆம் நிமிடம் இன்ஜின் குலுங்கத் தொடங்கியது. மீட்டரில் 7ஐப் பார்த்த கணத்தில் நின்றுவிட்டது. ரேடியேட்டர் வெப்பம் நடுவிலேயே இருந்தது. வண்டி ஓர் அடிகூட நகரவில்லை.

நின்றவுடன் ரிலேயின்மேல் விரலை வைத்தேன், வைக்க முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் மற்ற மூன்று கால்களும் வெள்ளி நிறத்தில் பளபளக்கின்றன. 87ஆம் கால் மட்டும் பழைய செப்புக்காசுபோல் கருத்து, அடியில் நீலம் பாய்ந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது சாக்கெட்டின் அந்த ஒரு துளையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, விளிம்பு சற்று உருகி உள்வாங்கியிருந்தது. இந்தப் பெட்டி டேஷ்போர்டுக்கு அடியில், முழங்காலுக்கு மேலே இருக்கிறது. நான்கு மாதமாக இன்ஜினின் சூட்டைப் பழி சொல்லிக்கொண்டிருந்தேன். சூடு இங்கே இருந்திருக்கிறது.

பழம்பட்டறை

இன்ஜினின் வெப்பம் ஒரு கடிகாரம். மின்னோட்டம் ஓடிய நேரம், அதாவது தளர்ந்த டெர்மினல் மெல்ல மெல்லச் சூடேறிய நேரம், வேறொரு கடிகாரம். இரண்டும் ஒரே 35 நிமிடத்தைக் காட்டியதால்தான் பட்டறைக்காரர்கள் சென்சாரிடம் போனார்கள். அவர்கள் வண்டியைச் சும்மா ஓடவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தாலே இது வெளிப்பட்டிருக்கும். ஆனால் நாளுக்குப் பத்து வண்டி பார்க்கும் இடத்தில் அந்த அரை மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

நான்காம் கியர்

எனக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. கோளாறு சாக்கெட்டில் என்றால், பம்பை மாற்றியபின் மூன்று வாரம் எப்படிச் சரியாக ஓடியது?

செப்புக்கம்பி

இரண்டு வகையாக விளக்கலாம். ஒன்று, பழைய பம்பு தேய்ந்து, இயல்பைவிடக் கூடுதலான ஆம்பியரை எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு தடையில் உருவாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 5 ஆம்பியர் 8 ஆனால் வெப்பம் இரண்டரை மடங்காகும். அப்படியானால் டெர்மினலைக் கருக்கியதே அந்தப் பழைய பம்புதான். புதியது வந்தபின் சுமை குறைந்து, கருகிய டெர்மினல் சில நாள் தாக்குப்பிடித்தது. மற்றொன்று இன்னும் எளியது: பம்பு மாற்றும்போது ரிலேயைக் கழற்றி மாட்டியிருப்பார்கள், அந்த உரசலிலேயே கரி நீங்கிப் புதிய தொடுமுகம் கிடைத்திருக்கும். பழைய பம்பு கையில் இல்லாததால் எது என்று அறுதியிட முடியாது. நான் இரண்டாவதையே நம்புகிறேன், ஏனெனில் ரிலேயைக் கழற்றி மாட்டியதாலேயே சில நாள் குணமான வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனிச் சரிசெய்யும் முறை. டெர்மினலை மூக்குக் குறடால் நெருக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒருமுறை அவ்வளவு சூடேறிய தகட்டுக்கு ஸ்பிரிங் போன்ற பிடிப்புத் திரும்பாது. நெருக்கினால் ஒரு மாதம் ஓடி, மீண்டும் விரியும். டெர்மினலையே மாற்ற வேண்டும். பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் பூட்டை விடுவித்துப் பழையதை வெளியே இழுங்கள். வயரின் தோலை உரிக்கும்போது செப்பு கருத்திருந்தால், பளபளப்பான செப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். அதே தடிமனுள்ள புது வயரை இணைத்து, அதற்குரிய கிரிம்ப் குறடால் டெர்மினலை அழுத்துங்கள். கால் கருத்த ரிலேயையும் மாற்றிவிடுங்கள். கருத்த காலைப் புது டெர்மினலில் செருகினால் அதுவும் கெடும். பியூஸின் அளவை மட்டும் எக்காரணத்தாலும் உயர்த்தாதீர்கள்.

நடுவழி நின்றவன்

வேலை முடிந்தது. அறிமுகமான ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து, இந்த இழையைக் காட்டியே செய்துகொண்டேன். வயரை மூன்று அங்குலம் வெட்டிய பிறகுதான் நல்ல செப்பு வந்தது. பிறகு அதே இடத்தில் மீட்டரைக் கட்டி ஓடவிட்டேன். தொடக்கத்தில் 0.15 வோல்ட்; 45 நிமிடம் கழித்தும் 0.15. ரிலே வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். நேற்று மீட்டரைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஓட்டினேன். எண் அசையவில்லை, நான்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. கழற்றிய பழைய கிராங்க் சென்சாரைப் பட்டறையில் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். இரண்டு வயர் கொண்டது. ஓம் அளந்தால் 860 காட்டுகிறது. அது நல்லதுதானா?

பழம்பட்டறை

உங்கள் வண்டிக்கான பழுதுபார்ப்பு நூலில் கொடுத்திருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். சுருள் வகைச் சென்சார்களில் சில நூறு முதல் ஆயிரத்தைத் தாண்டியும் அது வண்டிக்கு வண்டி மாறும். பிறகு தலைமுடி உலர்த்தும் கருவியால் பத்து நிமிடம் சூடேற்றி மீண்டும் அளங்கள். செப்புச் சுருள் என்பதால் எண் சீராகச் சற்று ஏறும், அது இயல்பு. எண் துள்ளினாலோ, எல்லையற்றது என்று காட்டினாலோ தூக்கி எறியுங்கள். இல்லையென்றால் துணியில் சுற்றி டிக்கியிலேயே வைத்திருங்கள். இப்போது போட்டிருப்பது எவ்வளவு நாள் வரும் என்பதில் நான்காம் கியருக்கு ஏற்கெனவே ஐயம் இருக்கிறது.